சுக்கான் தளர்ந்த காற்று

சிங்கப்பூரின் பொங்கோல் முனையிலுள்ள பழைய படகுத்துறையில் டிசம்பர் கடைசியில் நின்றால் காற்று முகத்தில் அடிக்கும். ஜோகூர் நீரிணையைத் தாண்டி வடக்கிலிருந்தோ வடகிழக்கிலிருந்தோ வரும் காற்று அது. ஜூலையில் அதே இடத்தில் நிற்பவருக்குக் காற்று முதுகுப் பக்கம் மாறியிருக்கும். தீவு முழுவதையும் கடந்து, அடுக்குமாடிகளின் இடுக்குகளில் புகுந்து வேகம் குறைந்து வரும். வானொலியில் இதைத் தென்மேற்குப் பருவக்காற்று என்பார்கள். கையில் திசைகாட்டி வைத்திருப்பவருக்கு இங்கே ஒரு குழப்பம் உண்டு. பெரும்பாலான நாள்களில் இந்தக் காற்று தென்மேற்கிலிருந்து வருவதில்லை. தெற்கு அல்லது தென்கிழக்கு என்றுதான் சிங்கப்பூர் வானிலை ஆய்வகத்தின் பருவக் குறிப்பும் சொல்கிறது.

கொழும்பிலும் கொச்சியிலும் தென்மேற்குப் பருவக்காற்று தென்மேற்கிலிருந்தே வீசுகிறது. பொங்கோலில் மட்டும் பெயர் ஒரு பக்கம், காற்று ஒரு பக்கம். பெயர் வைத்தவர்களின் கவனக்குறைவு என்று இதை விட்டுவிட முடியாது. உலகக் காற்றோட்டத்தை இயக்கும் இரண்டு காரணங்களில் ஒன்று இந்த அட்சரேகையில் கிட்டத்தட்ட கைவிட்டுவிடுகிறது. அந்தக் கைவிடலை நேரில் பார்க்க வசதியான ஊர்களில் பொங்கோலும் ஒன்று.

இரண்டு காரணங்களில் முதலாவது சூரியன். ஓர் ஊரில் வெயில் மாறினால் காற்றும் மாறும் என்று நினைப்பது இயல்பு. சிங்கப்பூரில் அந்தக் கணக்கு செல்லாது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே உள்ள வேறுபாடு ஏறத்தாழ 9 நிமிடம்தான். மிகக் குளிர்ந்த மாதத்தின் சராசரி வெப்பநிலைக்கும் மிக வெப்பமான மாதத்தின் சராசரிக்கும் இடையே 2 பாகை செல்சியஸ்கூட இல்லை. வெயில் அப்படியே இருக்க, காற்று மட்டும் ஆண்டுக்கு இருமுறை ஏறக்குறைய தலைகீழாகத் திரும்புகிறது. ஆகவே அதைத் திருப்புவது பொங்கோலின் வெயில் அன்று. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, சைபீரியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஏறி இறங்கும் வெயில்.

வளிமண்டலத்தின் உச்சியில் ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுச் சராசரியாக வந்துசேரும் சூரிய ஆற்றல் நிலநடுக்கோட்டில் 400 வாட்டுக்குச் சற்று மேல்; துருவங்களில் அதில் பாதிகூட இல்லை. பூமி விண்வெளிக்குத் திருப்பி அனுப்பும் வெப்பத்திலோ இவ்வளவு பெரிய ஏற்றத்தாழ்வு கிடையாது. இதனால் நடுப்பகுதியில் ஆண்டுதோறும் வெப்பம் மிஞ்சுகிறது. துருவப் பக்கங்களில் பற்றாக்குறை. மிஞ்சியதைப் பற்றாக்குறைப் பக்கம் எடுத்துச் செல்வதுதான் காற்றுக்கும் கடல் நீரோட்டத்துக்கும் உள்ள வேலை.

வெயில் நேராகக் காற்றைச் சூடாக்குவது குறைவு. அது கடலையும் தரையையும் சூடாக்குகிறது. கடல்நீர் ஆவியாகும்போது அந்த வெப்பத்தை மறைவாகச் சுமந்துகொண்டு மேலே போகிறது. ஆவி மேகமாகக் குளிரும் உயரத்தில்தான் வெப்பம் வெளிப்படுகிறது. ஹெர்பர்ட் ரீல், ஜோன் மால்கஸ் என்ற இரு வானிலை அறிஞர்கள் 1958இல் இதைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். வெப்பமண்டலம் முழுவதும் காற்று ஒரே சீராக மேலேறத் தேவையில்லை. எந்த நேரத்திலும் சில ஆயிரம் பெரும் இடிமேகங்கள் இருந்தால் போதும், உலகின் வெப்பக் கணக்கு நேராகிவிடும் என்று காட்டினார்கள். அந்த மேகங்கள் மிகுதியாக எழும் இடம் சுமத்ரா முதல் நியூகினி வரையிலான தீவுக்கூட்டமும் அதைச் சூழ்ந்த ஆழமற்ற கடல்களும். ராமேஜ் என்ற அறிஞர் 1968இல் இதற்குக் கடல்சார் கண்டம் என்று பெயர் வைத்தார். சிங்கப்பூர் அதன் மேற்குப் பக்கத்தில் இருக்கிறது. இந்த ஊரில் ஆண்டின் ஏறத்தாழ பாதி நாள்களில் இடி கேட்பது தற்செயல் அன்று. உலகக் காற்றோட்டத்துக்குத் தேவையான வெப்பத்தில் ஒரு பெரும்பங்கு மேலே ஏற்றப்படும் இடத்தில் இது நிற்கிறது.

சூடான காற்று மேலேறினால் அந்த இடத்தை நிரப்ப வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் காற்று நேராக ஓடி வரவேண்டும். ஆனால் அட்லாண்டிக்கிலும் பசிபிக்கிலும் பாய்மரக் கப்பல்களுக்குக் கிடைத்த வியாபாரக் காற்று நேராக வரவில்லை. கிழக்கிலிருந்து சாய்ந்து வந்தது. எட்மண்ட் ஹாலி 1686இல் ஒரு காற்று வரைபடத்தோடு இதற்கு விளக்கம் எழுதினார். வால்நட்சத்திரத்துக்குப் பெயர் தந்த அதே ஹாலிதான். சூரியன் மேற்கு நோக்கி நகர்வதால், மிகச் சூடான இடத்தைத் துரத்திக்கொண்டு காற்றும் மேற்கே போகிறது என்றார். அது தவறு. ஆனால் இந்தியப் பெருங்கடலின் பருவக்காற்றுக்கு நிலமும் கடலும் மாறி மாறிச் சூடாவதைக் காரணம் காட்டியது அதே கட்டுரை. ஹாலியின் பிழையைச் சொல்லும் நூல்கள் இந்தச் சரியான பாதியை அடிக்கடி விட்டுவிடுகின்றன. இந்தியப் பெருங்கடலைச் சுற்றி வாழும் நமக்கு முக்கியமானது அந்தப் பாதிதான்.

வியாபாரக் காற்றின் சாய்வுக்கு, இரண்டாவது காரணமான பூமியின் சுழற்சியைக் கணக்கில் சேர்த்தவர் ஜார்ஜ் ஹாட்லி. தொழிலால் வழக்கறிஞர். 1735இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்த அவருடைய கட்டுரை சில பக்கங்களே கொண்டது. அதைப் பல்லாண்டுகளுக்கு யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அவர் வாதம் எளிமையானது. பூமியோடு சேர்ந்து தரையும் கிழக்கு நோக்கி ஓடுகிறது. நிலநடுக்கோட்டில் அந்த வேகம் மணிக்கு ஏறத்தாழ 1,670 கிலோமீட்டர். வடக்கே போகப் போகக் குறையும். வடக்கிலிருந்து நிலநடுக்கோட்டை நோக்கி வரும் காற்று, தான் புறப்பட்ட இடத்தின் குறைந்த வேகத்தோடு வருகிறது. அதற்குக் கீழே தரை அதைவிட வேகமாகக் கிழக்கே ஓடுவதால், காற்று பின்தங்கி, கிழக்கிலிருந்து வீசுவதாகத் தோன்றுகிறது.

ஹாட்லியின் கணக்கில் விசையின் ஒரு பகுதிதான் பிடிபட்டது. கிழக்கு மேற்காக ஓடும் காற்றும் விலக வேண்டும் என்பது அவர் வாதத்தில் இல்லை. பிரெஞ்சுக்காரர் கோரியோலிஸ் 1835இல் சுழலும் பொறிகளைப் பற்றி ஆராய்ந்தபோது முழுச் சமன்பாடும் கிடைத்தது. அவர் மனத்தில் காற்றே இல்லை. அதைக் காற்றுக்கும் கடலுக்கும் பொருத்தியவர் வில்லியம் ஃபெரல் என்ற அமெரிக்கப் பள்ளி ஆசிரியர். 1856இல் அவர் கட்டுரை வெளிவந்தது நாஷ்வில் நகரின் ஒரு மருத்துவ இதழில். வட அரைக்கோளத்தில் எந்தத் திசையில் நகரும் காற்றும் தன் வலப்பக்கம் விலகும். தென் அரைக்கோளத்தில் இடப்பக்கம். நிலநடுக்கோட்டில் இந்தப் பக்கவாட்டு விலகல் பூச்சியம், துருவத்தில் முழுமை. இதுதான் பள்ளிப் பாடத்தில் வரும் கோரியோலிஸ் விசை.

பாடநூல் படங்களில் இந்தக் கடைசிச் செய்தி, நிலநடுக்கோட்டில் விசை இல்லை என்பது, ஒரு வரியோடு முடிந்துவிடும். எண்களில் பார்த்தால்தான் அதன் கனம் தெரியும். பொங்கோல் வட அட்சரேகை 1.4 பாகையில் இருக்கிறது. சென்னை 13 பாகையில். பொங்கோலிலிருந்து சென்னை அளவுக்கு வடக்கே போனால் தரையின் வேகம் மணிக்கு 43 கிலோமீட்டர்தான் குறைகிறது. சென்னையிலிருந்து ஏறத்தாழ அதே அளவு மேலும் வடக்கே, பாட்னாவுக்குப் போனால் 120 கிலோமீட்டர் குறைகிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதியில் பூமி கிட்டத்தட்ட ஓர் உருளைபோல் நடந்துகொள்கிறது. சென்னையில் காற்றுக்குக் கிடைக்கும் பக்கவாட்டுத் தள்ளல், பொங்கோலில் அதே வேகக் காற்றுக்குக் கிடைப்பதைப்போல் ஒன்பது மடங்குக்கும் அதிகம். பூமியின் சுழற்சியைக் கண்ணுக்குக் காட்டும் ஃபூக்கோ ஊசலைச் சென்னையில் தொங்கவிட்டால் அதன் வீச்சுத் தளம் ஒரு முழுச் சுற்று வர நாலரை நாள் போதும். பொங்கோலில் 41 நாள் ஆகும்.

கைகழுவும் தொட்டியில் நீர் சுழன்று இறங்குவதை நிலநடுக்கோட்டின் இரு பக்கமும் வைத்துக் காட்டிக் காசு வாங்குபவர்கள் ஆப்பிரிக்காவில் இருக்கிறார்கள். தொட்டியளவு நீருக்கு எந்த அட்சரேகையிலும் இந்த விசை பொருட்டே இல்லை. ஊற்றும் கையின் சாய்வுதான் அங்கே சுழற்சியைத் தீர்மானிக்கிறது. கோரியோலிஸ் விசைக்குத் தூரமும் நேரமும் வேண்டும்.

அந்த நேரத்தையும் கணக்கிடலாம். சென்னையின் அட்சரேகையில் காற்று தன் பாதை வளைவதை உணர எட்டு, ஒன்பது மணி நேரம் போதும். பொங்கோலின் அட்சரேகையில் மூன்று நாளுக்கு மேல் வேண்டும். இப்போது ஜூலை மாதக் காற்றுக்கு வருவோம். ஆஸ்திரேலியாவில் அப்போது குளிர்காலம். அங்கிருந்து கிளம்பும் தென் அரைக்கோள வியாபாரக் காற்று, இடப்பக்கம் விலகியதால், தென்கிழக்குக் காற்றாக ஜாவா கடலைக் கடந்து வருகிறது. நிலநடுக்கோட்டைத் தாண்டியதும் விலகும் பக்கம் மாறிவிடும். இனி அது வலப்பக்கம் திரும்பித் தென்மேற்குக் காற்றாக வேண்டும். ஆனால் நிலநடுக்கோட்டிலிருந்து பொங்கோல் வரை உள்ள தூரம் 155 கிலோமீட்டர். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காற்று அதை ஒன்பது மணி நேரத்துக்குள் கடந்துவிடும். திரும்புவதற்கு மூன்று நாள் வேண்டிய காற்றுக்கு ஒன்பது மணி நேரம்தான் கிடைக்கிறது. சுக்கான் பலவீனமான கப்பல் போல அது பழைய திசையிலேயே வந்து சேர்கிறது. அதனால்தான் இங்கே தென்மேற்குப் பருவக்காற்று தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வீசுகிறது. அதே காலத்தில் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையை ஒட்டி நிலநடுக்கோட்டைத் தாண்டும் காற்று, அரபிக்கடலில் பத்துப் பதினைந்து பாகை வடக்கே ஏறும் அளவு பயணம் செய்கிறது. கேரளத்தைத் தொடும்போது அது முழுத் தென்மேற்குக் காற்றாகிவிடுகிறது.

ஜனவரியில் இதே கதை மறுபக்கமாக நடக்கும். வடகிழக்குக் காற்று சிங்கப்பூரைக் கடந்து, நிலநடுக்கோட்டைத் தாண்டி, ஜாவாவை அடையும்போது வடமேற்குக் காற்றாகியிருக்கும். தமிழ்க் கரையின் மீனவர்கள் வாடை, கொண்டல், கச்சான், சோளகம் என்று காற்றை அது வரும் திசையை வைத்துத்தான் அழைத்தார்கள். பருவத்தை வைத்துப் பெயரிட்டு, பிறகு திசை பொருந்தவில்லையே என்று விழிப்பதைவிட அந்த முறை நேர்மையானது என்று எனக்குத் தோன்றுகிறது.

பாடநூல் படம் ஒன்றையும் இங்கே திருத்திக்கொள்ள வேண்டும். நிலநடுக்கோட்டில் காற்று மேலேறி, இரு பக்கமும் பிரிந்து, 30 பாகை அருகே கீழிறங்கி, மீண்டும் நிலநடுக்கோட்டுக்கு வரும் இரண்டு சமமான வட்டங்களை அந்தப் படம் காட்டும். ஹாட்லியின் பெயரால் வழங்கும் வட்டங்கள் அவை. ஆண்டுச் சராசரி எடுத்தால் அப்படித்தான் வரும். ஆனால் அந்தச் சமநிலை ஏப்ரல், மே வாக்கிலும் அக்டோபர், நவம்பர் வாக்கிலும் சில வாரங்களே நிலைக்கிறது. சிங்கப்பூரில் மாலைதோறும் இடி முழங்கி, காற்றே இல்லாமல் புழுங்கும் பருவ இடைக்காலம் அதுதான். மற்ற மாதங்களில் குளிர்காலத்தில் இருக்கும் அரைக்கோளத்தின் வட்டம் பெரிதாக வீங்கி, நிலநடுக்கோட்டைத் தாண்டி மறு அரைக்கோளத்துக்குள் போய்விடுகிறது. எதிர் வட்டம் சுருங்கி ஒடுங்கிவிடும். பொங்கோல் டிசம்பரில் வட வட்டத்தின் அடியில் கிடக்கிறது. ஜூலையில் தென் வட்டத்தின் அடியில். காற்று மேலேறும் மழைப்பட்டை தெற்கே நகரும்போது அக்டோபர், நவம்பரில் தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவமழையைக் கொடுத்துவிட்டு, டிசம்பர், ஜனவரியில் சிங்கப்பூருக்கும் அதன் பிறகு ஜாவாவுக்கும் போகிறது. சென்னையில் மழை ஓயும் மாதத்தில் லிட்டில் இந்தியாவில் குடை விரிகிறது.

இரு அரைக்கோளக் காற்றும் கைமாறும் இந்த இடத்தில் ஒரு துறைமுகம் வளர்ந்ததும் காற்றின் கணக்குதான். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிங்கப்பூருக்குச் சீன ஜங்க் கப்பல்கள் வடகிழக்குக் காற்றில் வந்து, ஆண்டின் நடுவில் எதிர்க்காற்று கிளம்பியதும் திரும்பின. சுலாவெசியின் பூகிஸ் வணிகர்கள் தென்கிழக்குக் காற்று முடியும் தறுவாயில், செப்டம்பர், அக்டோபர் வாக்கில் வந்து, காற்று மாறியதும் ஊர் போனார்கள். சோழமண்டலக் கரையின் சூலியா வணிகர்கள் தென்மேற்குக் காற்றில் வங்காள விரிகுடாவைக் கடந்து கிழக்கே வந்தார்கள். வடகிழக்குக் காற்றில் திரும்பினார்கள். ஒருவர் வந்த காற்றில் இன்னொருவர் போக முடியாது என்பதால் சரக்கை இறக்கி வைத்துக் காத்திருக்க ஓர் இடம் தேவைப்பட்டது. அன்றைய கடற்கரையான தெலுக் ஆயர் தெருவில் இந்தக் கணக்கு கட்டடமாக நிற்கிறது. குச்சுப் பள்ளி என்று தமிழ் முஸ்லிம்கள் அழைத்த அல் அப்ரார் பள்ளிவாசல் 1827இல் நிறுவப்பட்டது. கடலோடிகளைக் காப்பவராகக் கருதப்படும் நாகூர் ஷாகுல் ஹமீது வலியுல்லாவின் நினைவாக நாகூர் தர்கா 1828 முதல் 1830 வரை எழுந்தது. சில கட்டடங்கள் தள்ளி, கடல் தெய்வமான மாசூவுக்குச் சீனர்கள் 1839 முதல் 1842 வரை கட்டிய தியான் ஹோக் கெங் கோயில். எதிரெதிர்க் காற்றில் வந்தவர்கள் ஒரே தெருவில் நேர்த்திக்கடன் செலுத்தியிருக்கிறார்கள்.

சுழற்சி பலவீனமான இடத்தில் அழுத்த வேறுபாட்டுக்கு எதிர்ப்பு குறைவு. உயர் அட்சரேகைகளில் காற்று, அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு நேராக ஓட முடியாது. விலகி விலகி, அழுத்தக் கோடுகளை ஒட்டியே சுற்றிக்கொண்டிருக்கும். தென்சீனக் கடலின் தெற்குப் பகுதிக்கு வந்தபிறகு அந்தத் தடை தளர்கிறது. சைபீரியாவின் மேல் குளிர்காலத்தில் குவியும் கனத்த குளிர்காற்று அவ்வப்போது உடைத்துக்கொண்டு தெற்கே பாயும். சில நாள்களில் அது தென்சீனக் கடலின் முழு நீளத்தையும் கடந்து, ஈரத்தை அள்ளிக்கொண்டு சிங்கப்பூருக்கு வந்து சேரும். பருவக்காற்றுப் பெருக்கு என்று வானிலையாளர்கள் சொல்வது இதைத்தான். 2025 ஜனவரி 10, 11 ஆகிய இரு நாள்களில் சாங்கியில் பெய்த மழை, ஜனவரி முழுமைக்குமான சராசரியைத் தாண்டிவிட்டது. இத்தனைக்கும் சாதாரண நாள்களில் சிங்கப்பூரின் சராசரிக் காற்று வேகம் விநாடிக்கு 2.5 மீட்டர்கூட இல்லை. பெருக்கு வரும்போது அது 10 மீட்டரைத் தொட்டதுண்டு.

சுழற்சி இல்லாத இடத்தில் புயலும் இருக்காது என்பது இதன் மறுபக்கம். காற்று மையத்தை நோக்கி நேராக ஓடி அழுத்தக் குழியை நிரப்பிவிடும், சுற்றிவரத் தொடங்காது. நிலநடுக்கோட்டுக்கு இரு பக்கமும் ஐந்து பாகைக்குள் வெப்பமண்டலப் புயல் பிறக்காது என்று எல்லா நூல்களிலும் எழுதியிருந்தார்கள். சென்னைக்கு ஆண்டுதோறும் வரும் புயல் பயம் சிங்கப்பூருக்கு இல்லாததற்கு அதுவே காரணம்.

2001 டிசம்பர் 27 அன்று வாமெய் வந்தது. மக்காவ் நகரம் ஒரு பாட்டுப் பறவையின் பெயரைக் கொடுத்திருந்த அந்தப் புயல், தென்சீனக் கடலில் வட அட்சரேகை 1.4, 1.5 பாகை வாக்கில் உருவானது. பொங்கோலின் அட்சரேகையும் அதுதான். அன்று மாலை சிங்கப்பூருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் ஜோகூரில் கரையேறியது. புயலின் மையத்தை ஒட்டிச் சிக்கிய அமெரிக்கக் கடற்படைக் கப்பல்கள் மணிக்கு ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொடர்காற்றைப் பதிவு செய்தன. ஜோகூரிலும் பாகாங்கிலும் வெள்ளமும் உயிர்ச்சேதமும் ஏற்பட்டன. கரையைக் கடந்தும் அது முற்றிலும் அழியவில்லை. சுமத்ராவைத் தாண்டி வங்காள விரிகுடாவில் மீண்டும் தலைதூக்கிவிட்டுத்தான் ஓய்ந்தது. இதன் வலிமையைப் பற்றி அமைப்புகளுக்கிடையே கருத்து ஒத்துப்போகவில்லை: அமெரிக்கப் புயல் மையம் அதைக் கடும்புயலாக வகைப்படுத்தியது, ஜப்பானிய வானிலை அமைப்பு அதற்குக் கீழே வைத்தது. பிறந்த இடத்தைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை.

பூமி கொடுக்காத சுழற்சி எங்கிருந்து வந்தது? சாங், லியூ, குவோ என்ற மூவர் 2003இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு விடை தேடியது. இரண்டு நிகழ்வுகள் ஒரே நேரத்தில் கூடிவந்தன. போர்னியோவின் வடமேற்குக் கரையை ஒட்டிக் குளிர்காலத்தில் அடிக்கடி ஒரு சுழல் உருவாகும். பெரும்பாலும் அது தீவின் மேலேயே பாதி கிடந்து, கடலின் வெப்பம் போதாமல் நலிந்துவிடும். அந்த ஆண்டு அது தென்சீனக் கடலின் குறுகிய தென்கோடிக்கு நகர்ந்து வந்து சில நாள் அங்கேயே நின்றது. அதே நேரத்தில் வலுவான ஒரு பருவக்காற்றுப் பெருக்கு ஒரு வார அளவுக்கு ஓயாமல் வீசியது. சுழலின் மேற்குப் பக்கம் வடக்கிலிருந்து பாய்ந்த காற்று அதைத் தள்ளித் தள்ளிச் சுழற்றியது. இருபக்கமும் நிலம் நெருக்கிய ஒடுக்கமான கடலில் அந்தப் பாய்ச்சல் விலகிப்போக வழியில்லாமல் சுழலைச் சுற்றியே திரும்பியது. அதாவது சுழற்சியைக் கொண்டுவந்தது பூமியின் அந்த இடம் அன்று. வடக்கிலிருந்து வந்த காற்றே அதைச் சுமந்து வந்தது. இப்படிப்பட்ட கூட்டுச் சேர்க்கை 100 முதல் 400 ஆண்டுக்கு ஒருமுறை நிகழலாம் என்பது அவர்கள் மதிப்பீடு. நான்கு மடங்கு இடைவெளி உள்ள மதிப்பீட்டை ஆறுதலாக எடுத்துக்கொள்ளலாமா என்பது வேறு கேள்வி. வாமெய் என்ற பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

பொங்கோலில் மரங்களைச் சாய்ப்பது பெரும்பாலும் புயல் அன்று, சுமத்ராச் சூறைக்காற்று. இதில் பூமியின் சுழற்சிக்கு ஏறக்குறைய வேலையே இல்லை. முழுக்க வெப்பத்தின் கைவரிசை. இரவில் சுமத்ராவின் மலைச்சரிவுகளிலிருந்து குளிர்ந்த காற்று வெதுவெதுப்பான மலாக்கா நீரிணைக்கு இறங்குகிறது. தீபகற்பப் பக்கத்து நிலக்காற்றும் எதிரே வருகிறது. இரண்டும் மோதி எழும் இடிமேக வரிசை மேல்காற்றின் போக்கில் கிழக்கே நகர்ந்து, விடியலுக்கு முன்போ காலையிலோ சிங்கப்பூரைத் துடைத்துக்கொண்டு போகிறது. சிங்கப்பூரில் பதிவான மிக வலிய காற்றுவீச்சு, மணிக்கு 144.4 கிலோமீட்டர், 1984 ஏப்ரல் 25 அன்று தெங்காவில் அளக்கப்பட்டது.

புகைமூட்டக் காலத்தில் காற்றின் சில பாகைச் சாய்வுக்கு வேறு மதிப்பு வந்துவிடும். தென்கிழக்கிலிருந்து வரும் காற்று பெரும்பாலும் கடலைக் கடந்து வருகிறது. அதுவே மேற்குப் பக்கம் சாய்ந்தால் சுமத்ராவின் ரியாவ் மாநிலத்துப் புகை நேராக வந்து இறங்கும். 2013 ஜூன் 21 நண்பகலில் காற்றுத்தூய்மைக் கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டது. 2015இல் எல் நினோவும் சேர்ந்துகொண்டது. எல் நினோ என்பது நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிழக்கு மேற்காக ஓடும் இன்னொரு பெருவட்டம் தடுமாறுவது. சாதாரணமாக இந்தத் தீவுக்கூட்டத்தின் மேல் ஏறி, கிழக்குப் பசிபிக்கில் இறங்கும் வட்டம் அது. அதற்கு 1969இல் வாக்கர் பெயரைச் சூட்டினார்கள். கில்பர்ட் வாக்கர் 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக இருந்த கணிதவியலாளர். இந்தியாவில் பருவமழை ஏன் பொய்க்கிறது என்று தேடப்போய், பசிபிக் முழுவதும் அழுத்தம் ஊஞ்சலாடுவதைக் கண்டவர். கிழக்கு மேற்கான வட்டம் இவ்வளவு பெரிதாக நிலநடுக்கோட்டில் இயங்க முடிவதற்கும் அங்கே பக்கவாட்டு விலகல் இல்லாததே வசதி.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் பொங்கோலைத் திட்டமிட்டபோது கட்டடங்களுக்கிடையே காற்று எப்படி ஓடும் என்று கணினி மாதிரிகளில் ஓட்டிப் பார்த்தது. விநாடிக்கு இரண்டு, இரண்டரை மீட்டர் காற்று மட்டுமே கிடைக்கும் ஊரில் அதில் பாதியை ஓர் அடுக்குமாடி தடுத்துவிட்டால் பின்னால் இருக்கும் புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார முடியாது. எந்தச் சன்னல் எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்ற முடிவுக்குள் ஆஸ்திரேலியக் குளிர்காலமும் சைபீரியக் குளிர்காலமும் உள்ளீடாகப் போகின்றன. இந்த இரண்டு திசைகளும் நெடுங்காலம் மாறாமல் வந்துகொண்டிருப்பதால்தான் அந்த மாதிரிகளால் பயன் உண்டு.

மேலே போனால் ஆண்டுக் கணக்கே இல்லாத ஒரு காற்று இருக்கிறது. 1883 ஆகஸ்ட் 27 அன்று சுந்தா நீரிணையில் கிரக்கத்தோவா எரிமலை வெடித்தது. அதன் தூசு மேல்வானில் மேற்கு நோக்கிப் பறந்து ஏறத்தாழ இரண்டு வாரத்தில் பூமியைச் சுற்றியது. செப்டம்பரில் சென்னையில் சூரியன் பச்சையாகத் தெரிந்ததைச் சென்னை கிறித்துவக் கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் மிச்சி ஸ்மித் ஆராய்ந்து எழுதினார். நிலநடுக்கோட்டின் மேல்வானில் நிரந்தரமாகக் கிழக்குக் காற்று வீசுகிறது என்று அதன்பின் முடிவு கட்டினார்கள். 1908இல் ஆப்பிரிக்காவில் பலூன் விட்ட பெர்சன் அங்கே மேற்குக் காற்றைக் கண்டார். இரண்டும் எப்படி உண்மையாக முடியும் என்பது அரை நூற்றாண்டுக்கு மேல் தீராத புதிர். 1960ஐ ஒட்டி ரீட், எப்டன் என்ற இருவர் தனித்தனியே விடை கண்டார்கள்: ஏறத்தாழ 20 முதல் 30 கிலோமீட்டர் உயரத்தில் காற்று சராசரியாக 28 மாதத்துக்கு ஒருமுறை கிழக்கு, மேற்கு என்று மாறி முழுச் சுற்று முடிக்கிறது. எந்தப் பருவத்தோடும் ஒட்டாத கால அளவு இது. சூரியன் நேராக இதை இயக்கவில்லை. கீழே இடிமேகங்கள் எழுப்பும் அலைகள் மேலே போய் உடைந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றைத் தள்ளுகின்றன என்று லின்ட்சனும் ஹோல்டனும் 1968இல் விளக்கினார்கள். நிலநடுக்கோட்டை ஒட்டி மட்டுமே இது நடக்கும். மற்ற இடங்களில் அப்படித் தள்ளினால் கோரியோலிஸ் விசை குறுக்கிட்டு அந்த உந்துதலை வேறு ஓட்டமாக மாற்றிவிடும்.

இந்தக் காற்றை அளக்க நிலநடுக்கோட்டை ஒட்டி, நாள் தவறாமல் பலூன் விடும் ஒரு நிலையம் வேண்டும். 1953 முதல் பசிபிக்கின் கான்டன் தீவும், 1967 முதல் மாலத்தீவின் கானும் அந்தப் பணியைச் செய்தன. 1976 முதல் சிங்கப்பூர். உலகின் எந்த ஆய்வுக் கட்டுரையிலும் இந்த ஊசலாட்டத்தின் வரைபடம் வந்தால் அது பெரும்பாலும் சிங்கப்பூர் வானின் காற்று. ஐரோப்பியக் குளிர்காலத்தை முன்கூட்டிக் கணிப்பவர்களும் அதைத்தான் புரட்டுகிறார்கள்.

2016 பிப்ரவரியில் அந்த வரைபடம் முதல்முறையாக முறை தவறியது. மேற்குக் காற்று கீழிறங்கிக்கொண்டிருந்த அடுக்கின் நடுவே, 22 கிலோமீட்டர் உயரம் வாக்கில், எங்கிருந்தோ ஒரு கிழக்குக் காற்றுப் பட்டை தோன்றி அதை இரண்டாகப் பிளந்தது. அறுபது ஆண்டுக்கு மேற்பட்ட பதிவில் அப்படி ஒன்று இல்லை. எந்த முன்கணிப்பு மாதிரியும் அதைச் சொல்லியிருக்கவில்லை. தேடிப்போனபோது காரணம் வட அரைக்கோளத்தின் நடு அட்சரேகைகளில் கிடைத்தது. சுழற்சி வலுவாக உள்ள அந்தப் பகுதிகளில் பிறக்கும் பேரலைகள், வழக்கத்துக்கு மாறாக நிலநடுக்கோடு வரை ஊடுருவி வந்து காற்றைத் திருப்பிவிட்டிருந்தன. 2019, 2020ஆம் ஆண்டுகளிலும் இதேபோல் ஓர் இடையூறு நிகழ்ந்தது. அறுபது ஆண்டில் ஒருமுறைகூட நேராதது நான்கே ஆண்டில் இருமுறை நேர்ந்தது எதனால், பூமி சூடாவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்பதில் ஆய்வாளர்களின் மாதிரிகள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.